பின்வாசல் பார்த்துச் சொல்

புனே
7.10.2001

ஷீஜாவுக்கு,

ஏழு வருஷம் கழித்து எழுதுகிறவள் முதலில் சௌக்கியம் விசாரிக்க வேண்டும். நானோ ஹோட்டல் விசாரிக்கப் போகிறேன். கிழித்துப் போடுவதானாலும் முழுக்கப் படித்துவிட்டுக் கிழி.

எனக்கு ஐந்தரை வயதில் ஒரு பெண் இருக்கிறாள். மீனாக்ஷி. மீனு என்று கூப்பிடுகிறோம். போன வருஷம் ஒரு மலை ஊருக்குப் போய் ஆற்றங்கரை ஹோட்டலில் தங்கினோம். ஜன்னலைத் திறந்தால் தண்ணீர், பட்சி, மூங்கில். திரும்பி வந்து மூன்று வாரத்தில் அவளுக்குக் கண் மஞ்சளாயிற்று. இருபது நாள் ஆஸ்பத்திரி. அந்த ஹோட்டல் தன் கழிவை எல்லாம் அதே ஆற்றில் விட்டு, அதே ஆற்றிலிருந்து சமையலுக்கு எடுத்திருக்கிறது. அது பிறகுதான் தெரிந்தது.

ஈரல் சரியாகிவிட்டது. பெண் சரியாகவில்லை. எதை நீட்டினாலும் "இதைக் கொதிக்க வெச்சயா?" என்கிறாள். தயிர்சாதம், என் கையால் பிசைந்தால் மட்டும். பிறந்தநாள் வீட்டில் கேக்கை வாங்கிக் கையிலேயே வைத்துக்கொண்டு நிற்கிறாள். எடை பதின்மூன்று கிலோ. டாக்டர் ஊசி, மருந்து எதுவும் எழுதவில்லை. என்னைப் பார்த்து, "குழந்தை யாரைப் பார்த்து பயப்படக் கத்துக்கறதுன்னு யோசிங்கோ" என்றார். யோசிக்க வேண்டிய அவசியமே இல்லை. ஒரு வருஷமாக ஒவ்வொரு டம்ளரையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தவள் நான்தான்.

இவர், சாய்கிருஷ்ணா, ஒரு வழி சொல்கிறார். மீனுவுக்கு நாலு பேர் சாப்பிடுவதைப் பார்க்கிற மாதிரி மூன்று நாள் எங்காவது போக வேண்டும். எங்கே என்றால் கொச்சியில், உன் மட்டாஞ்சேரி. குஜராத்திச் சாப்பாடு, கொங்கணி வீட்டுப் பலகாரம், தெருவுக்குத் தெரு சாயா. "மூணு நாள், ஒம்போது வேளை, நடுவுல எட்டு சாயா" என்று காகிதத்தில் கட்டம் போட்டு வைத்திருக்கிறார். டிசம்பர் லீவில் வரலாம் என்றேன், ஒரு நிபந்தனையோடு: தங்குகிற இடம் ஊரின் தண்ணீரைக் கெடுக்காத இடமாக இருக்க வேண்டும். எனக்கு இது ஃபேஷன் இல்லை ஷீஜா. ஹோட்டல் பின்னால் ஊற்றுவது யாரோ ஒரு குழந்தையின் டம்ளருக்குத்தான் போகிறது.

மூன்று ஹோட்டல்களின் அட்டைகளை இத்துடன் வைத்திருக்கிறேன். மூன்றுமே 'இயற்கையின் தோழன்' என்கின்றன. உன் அப்பா இன்னும் கார்ப்பரேஷனில்தானே? மட்டாஞ்சேரியில் எந்தச் சாக்கடைக் கானை எங்கே போய்ச் சேருகிறது என்று அவரைவிடத் தெரிந்தவர் உண்டா? பின்வாசலைப் பார்த்தால்தான் ஹோட்டல் தெரியும் என்று அவர் சொல்வதாக, கல்லூரியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்த நாளில் நீதான் சொல்வாய். அவரிடம் கேட்டுச் சொல்வாயா?

கல்யாணத்தில் நடந்ததைப் பற்றியும் எழுத நினைத்தேன். பேனா நகரவில்லை.

ஸுப்ரியா

---

கொச்சங்காடி
17.10.2001

ஸுப்ரியா,

கடிதம் பழைய விலாசத்துக்குப் போய், போஸ்ட்மேன் சேட்டன் விசாரித்து இங்கே கொண்டுவந்தார். நான் பள்ளிக்கூடத்தில் சயன்ஸ் எடுக்கிறேன், மலையாளத்தில். தமிழ் எழுதி நாளாயிற்று. தப்பு இருந்தால் நீயே திருத்திப் படி.

உனக்காக எழுதவில்லை. பதின்மூன்று கிலோ என்று எழுதியிருக்கிறாயே, அதற்காக எழுதுகிறேன்.

அட்டைகளை அப்பாவிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டு ஒவ்வொன்றாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

முதலாவது, ஓலைக் கூரையும் துணிப்பையும் படம் போட்டது: "இவனா! குளிமுறியில ‘தண்ணீரைச் சேமியுங்கள்’ன்னு பலகை வெச்சிருக்கான். பின்மதிலுக்கு அடியில ஒரு குழாய் இருக்கு பாரு, அது நேரா கால்வாய்த் தோட்டுல. இந்த வருஷம் ரெண்டு வட்டம் நான் எறங்கி அடைப்பெடுத்தேன். அட்டையில பச்சை மை, கானையில கருப்பு."

இரண்டாவது: கழிவெல்லாம் ஒழுங்கு. ஆனால் தினம் நாலு லாரி தண்ணீர் வாங்குகிறார்கள். எங்கள் தெருவில் பெண்கள் குடத்தோடு குழாயடியில் நிற்கும்போது அந்த லாரி ஹாரன் அடித்துக்கொண்டு போகும். அப்பா அட்டையைக் கவிழ்த்து வைத்தார். மூன்றாவது இன்னும் கட்டி முடியவில்லை. அட்டை மட்டும்தான் முடிந்திருக்கிறது.

நாலாவதாக அப்பாவே ஒரு இடம் சொன்னார். சிவராமகிருஷ்ணன் சாருடைய லாட்ஜ். பழைய மிளகுக் கிடங்கு, ஆறு அறை. ஏசி இல்லை, பெரிய ஜன்னல் உண்டு. துலாவர்ஷ மழைத்தண்ணீரைப் பூமிக்கடியில் தொட்டி கட்டிப் பிடித்து வைத்திருக்கிறார். விரிப்பெல்லாம் ஃபோர்ட் கொச்சியில் தமிழ்க்காரர்கள் துணி வெளுக்கிற மைதானத்துக்குப் போகும். கஞ்சி போட்டு, வெயிலில் காய்ந்து வரும். அடுக்களைக் கழிவு ஒரு குழியில் விழுந்து, அந்த வாயுவில்தான் உனக்குச் சாயா கொதிக்கும். "அவருக்கு இயற்கை மேல பெரிய சிநேகம் போல" என்றேன். அப்பா சிரித்துவிட்டார். "சிநேகமாவது! அறுத்த கைக்குச் சுண்ணாம்பு தராத ஆளு. எதையும் வீணாக்க மனசு வராது. அதான் அவன் கானை சுத்தமா இருக்கு."

கொசு உண்டு. வலை கொண்டு வா.

கல்யாணத்தில் உன் அத்தை செய்ததை அம்மா ஒருநாளும் பேசியதில்லை. நான் மறந்ததில்லை.

ஷீஜா

---

புனே
25.10.2001

அன்புள்ள ஷீஜா,

உன் கடிதத்தை இவரிடம் படித்துக் காட்டினேன். "அறுத்த கைக்குச் சுண்ணாம்பு தராத ஆளோட லாட்ஜ்லதான் தங்கறோம். முடிவு" என்றார். எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் நிறைந்தது. ஒரு வருஷமாக டாக்டர், பத்திரிகை, பெரியவர்கள் என்று எத்தனையோ பேரிடம் கேட்டேன். மதிலுக்கு அடியில் குனிந்து பார்த்த ஒருவர் சொன்ன பதில் இதுதான் முதல். உன் அப்பாவுக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. நமஸ்காரம் சொல்.

அந்தத் தொட்டிக்கு மூடி உண்டா? வருஷத்துக்கு எத்தனை தடவை கழுவுவார்கள்? லாட்ஜில் சமைப்பது யார்? அவர் கை கழுவுவாரா? காசு கொடுத்தால் தனியாக ஒரு ஸ்டவ் தருவார்களா? இன்னும் ஏழு கேள்வி எழுதி அடித்துவிட்டேன்.

இப்போது அன்றைக்கு வராத வரியை எழுதுகிறேன். நீ என் பெண்ணுக்காக இவ்வளவு செய்தபின், தப்பான ஆள் மேல் உன் கோபத்தை இருக்கவிட்டு இதை நான் வாங்கிக்கொள்ள முடியாது.

திருப்பூணித்துறையில் என் கல்யாணத்துக்கு நீ அம்மாவோடு வந்தாய். உன்னை என் பக்கத்தில் நிறுத்திப் போட்டோ எடுத்தார்கள். அம்மாவைப் பந்தியில் உட்காரவிடாமல், பம்ப் ரூம் பக்கத்துக் கேட்டில் நிற்கவைத்துப் பொட்டலம் கொடுத்தாள் அத்தை. அத்தையின் வேலை என்று நினைத்து நீ சாப்பிடாமல் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனாய். அத்தை தானாகச் செய்யவில்லை. முதல் நாள் என்னிடம் கேட்டாள்: "ஷீஜாவோட அம்மாவும் வராளாமே. தெருப் பெருக்கறவளாக்கும், மாப்பிள்ளை ஆத்துக்காரா என்ன சொல்லுவாளோ. எங்கே உட்கார வெக்கறது?" நான் கண்ணாடி முன்னால் பூ வைத்துக்கொண்டிருந்தேன். "பந்தியில வேண்டாம் அத்தை, கட்டிக் குடுத்துடுங்கோ" என்றேன். அத்தனை சுலபமாகச் சொன்னேன். திரும்பிக்கூடப் பார்க்காமல்.

உன் அம்மா நம் பரீட்சை நாளில் உனக்கும் எனக்குமாக இரண்டு டப்பா கட்டிக் கொடுத்தவர். ஒரு டப்பாவையாவது நான் திறந்து சாப்பிட்டிருக்கிறேனா என்று யோசித்துப் பார்த்தேன். நினைவில் இல்லை.

நீ இதற்குமேல் எழுதாவிட்டால் புரிந்துகொள்வேன்.

ஸுப்ரியா

---

கொச்சங்காடி
29.11.2001

ஸுப்ரியா,

22, 23, 24 மூன்று நாளும் அறை பேசியாயிற்று. மாடியில் கிழக்கு அறை. தொட்டிக்கு மூடி உண்டு, வருஷத்துக்கு இரண்டு தடவை கழுவுவார்கள், கழுவுகிறவர் என் அப்பா. சமைப்பது அனந்தலக்ஷ்மி சேச்சி. கை கழுவுவாரா என்று அவரிடம் கேட்காதே, கரண்டியால் அடிப்பார். ஸ்டவ் தரமாட்டார்கள்.

அப்பா உங்களுக்குச் சொன்ன வழி: காலையில் லாட்ஜிலேயே புட்டும் கடலையும். மதியம் குஜராத்தித் தெருவில் சாப்பாடு, பாத்திரமெல்லாம் வெந்நீரில் முக்கி எடுக்கிறார்கள், அப்பா பார்த்திருக்கிறார். சாயங்காலம் கொங்கணிக்காரர்களின் சேம்பிலைப் பலகாரம், ஆவியில் வெந்தது. கடலோரத்தில் ஐஸ் போட்ட எதையும் வாங்க வேண்டாம். சாய்கிருஷ்ணா சேட்டன் எட்டு சாயாவுக்குமேல் குடிக்க வேண்டாம்.

உன் கடிதத்தை நான் வீட்டில் யாருக்கும் படித்துக் காட்டவில்லை. ஏழு வருஷம் ஒரு பாவப்பட்ட அத்தையைத் திட்டியிருக்கிறேன்.

அந்த மூன்று நாளும் எனக்குப் பாலக்காட்டில் டீச்சர்களுக்கான முகாம் என்று எழுதப் பார்த்தேன். பொய் எதற்கு? முகாம் 26ஆம் தேதிதான். நான் ஊரில்தான் இருப்பேன். உன்னைப் பார்க்க வரமாட்டேன். நீயும் வீட்டுக்கு வராதே.

குழந்தையை நன்றாகப் பார்த்துக்கொள்.

ஷீஜா

---

புனே
30.12.2001

அன்புள்ள ஷீஜா,

நீ சொன்னபடி உன் வீட்டுக்கு வரவில்லை. மூன்று நாளும் உன் தெரு முனையைத் தாண்டும்போதெல்லாம் இவர் என் முகத்தைப் பார்த்தார். நான் நேராகப் பார்த்துக்கொண்டே நடந்தேன்.

ஆனால் 23ஆம் தேதி காலையில் நடந்ததை உன் அம்மா சொல்லியிருப்பார். என் பக்கத்தையும் நான் சொல்ல வேண்டும்.

முதல் நாள் முழுக்கத் தோல்வி. புட்டை மீனு தொடவில்லை. அனந்தலக்ஷ்மி சேச்சி இடுப்பில் கை வைத்து, "எந்தா மோளே, என்னோட புட்டுக்கு என்ன குறை?" என்று கேட்டதும் என் முதுகுக்குப் பின்னால் போய்விட்டாள். குஜராத்திச் சாப்பாட்டில் இவர் ஏழு ரொட்டி சாப்பிட்டார். அவள், நான் கொண்டுபோன டப்பாவிலிருந்து தயிர்சாதம். அறைக்குத் திரும்பி நான் அழுதேன். லாட்ஜ் சுத்தம், விரிப்பில் வெயில் வாசனை, குழாயில் மழைத்தண்ணீர். நான் கேட்டதெல்லாம் கிடைத்துவிட்டது, குழந்தை மட்டும் சாப்பிடவில்லை. இடம் மாறினால் போதும் என்று நினைத்தது எத்தனை அசட்டுத்தனம்.

மறுநாள் காலை டப்பாவும் தண்ணீர் பாட்டிலுமாக மீனுவைக் கூட்டிக்கொண்டு கீழே வந்தேன். தெரு முழுக்கப் பெருக்கி முடித்து, விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்துவிட்டு, எதிர்ச் சாயாக்கடை பெஞ்சில் உன் அம்மா உட்கார்ந்திருந்தார். மடியில் வாழையிலை. ஆவி பறக்கிற கப்பைக் கிழங்கு, பக்கத்தில் காந்தாரி மிளகாய் அரைத்த சம்மந்தித் துவையல். அவர் என்னைப் பார்த்தார், சாப்பிடுவதை நிறுத்தவில்லை. நான் அங்கேயே நின்றேன். மீனு நிற்கவில்லை. நேராகப் போய் இலையைப் பார்த்து, வழக்கமான கேள்வியைக் கேட்டாள்.

"மாமி, இதைக் கொதிக்க வெச்சேளா?"

சாயாக்கடைக்காரர் உட்பட எல்லோரும் சிரித்தார்கள். தெருவே காளியம்மை என்று கூப்பிடுகிற உன் அம்மாவை, மாமி என்று கூப்பிட்ட முதல் ஆள் இவள்தானாம். உன் அம்மா சிரிக்கவில்லை. பெரிய மனுஷியிடம் பேசுகிற மாதிரி பதில் சொன்னார்.

"பின்னே, கொதிக்காமலா? ஒரு வட்டம் இல்ல மோளே, ரெண்டு வட்டம்."

"ரெண்டா?"

"ரெண்டு. முதல்ல கொதிச்ச வெள்ளத்த அப்படியே ஊத்திக் களையணும். அதுல கப்பையோட விஷம் போயிரும். பிறகு புது வெள்ளம் ஊத்தி, மறுபடி கொதி. இல்லாட்டி தலை சுத்தும்."

மீனு என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் எப்படி எழுதுவேன்? 'அம்மா, நீ ஒரு தடவைதானே கொதிக்க வைக்கிறாய்?' என்ற பார்வை. என்னைவிட ஜாக்கிரதையான ஒருத்தரை அவள் வாழ்க்கையில் முதல் தடவையாகக் கண்டுபிடித்துவிட்டாள். பெஞ்சில் ஏறி உன் அம்மா பக்கத்தில் உட்கார்ந்தாள். ஒரு துண்டு எடுத்தாள். தின்றாள். இன்னொன்று.

மூன்றாவது துண்டைச் சம்மந்தியில் தோய்க்கப் போனாள். சம்மந்தி கொதிக்காதது. பச்சை மிளகாய், பச்சை உள்ளி, கல்லில் நசுக்கி எண்ணெய் விட்டது. எனக்குத் தெரியும், உன் அம்மாவுக்கும் தெரியும். என் கை அவளைத் தடுக்க எழுந்துவிட்டது. உன் அம்மா அந்தக் கையைப் பார்த்தார். சும்மா பார்த்தார், அவ்வளவுதான். நான் கையை இறக்கினேன். மீனு தின்றாள், காரத்தில் குதித்தாள், மூக்கு ஒழுகியது, மறுபடி தோய்த்தாள்.

"உட்காரு, நின்னா கால் நோகும்" என்று எனக்கும் இலையை நகர்த்தினார். அவர் கை வைத்த அதே இலையில் நானும் சாப்பிட்டேன். "அம்மா, என் கல்யாணத்துல..." என்று ஆரம்பித்தேன். அவர் முடிக்கவிடவில்லை.

"உன் கல்யாணத்துல எல்லாம் கிடைச்சுது. பாயசம் மட்டும் வரல. அதப் பொட்டலத்துல கட்ட முடியாதே, பின்னே அவங்க என்ன செய்வாங்க?"

சொல்லிவிட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பில் மன்னிப்பு இருந்தது என்று எழுதினால் அது என் வசதிக்கு எழுதுவது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. "தப்பு என்னோடது அம்மா. நான்தான் சொன்னேன்" என்றேன். "தெரியும்" என்றார். சாயாவைக் குடித்து முடித்து, விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு அடுத்த தெருவுக்குப் போனார். மீனு கை ஆட்டிக்கொண்டே இருந்தாள்.

அன்று மதியம் குஜராத்திக் கடையில் மீனு உள்ளே போய், "எத்தனை தடவை கொதிக்க வெச்சேள்?" என்று கேட்டாள். முதலாளி புரிந்துகொண்டு மூன்று விரல் காட்டினார். ஒரு ரொட்டி முழுசாகச் சாப்பிட்டாள். சேம்பிலைப் பலகாரம் இரண்டு துண்டு. கிளம்பும்போது அனந்தலக்ஷ்மி சேச்சியின் புட்டும் உள்ளே போயிற்று. சிவராமகிருஷ்ணன் சார், "சின்னக் குட்டிக்குச் சார்ஜ் இல்லை" என்றார். இவர் நாள் முழுக்க அதையே சொல்லிக்கொண்டிருந்தார், உன் அப்பாவிடம் சொன்னால் நம்பமாட்டார் என்று.

வீட்டுக்கு வந்து நிறுத்துப் பார்த்தேன். பதின்மூன்று கிலோ நானூறு. உன் அப்பா மதிலுக்கு அடியில் குனிந்தது, உன் அம்மா இலையை நகர்த்தியது, நீ கோபத்திலும் சேம்பிலை வரைக்கும் எழுதி அனுப்பியது, இத்தனையும் சேர்ந்த நானூறு கிராம். நன்றி என்ற வார்த்தை இதற்குச் சின்னது. வேறு வார்த்தை எனக்குத் தெரியவில்லை.

ஸுப்ரியா

---

கொச்சங்காடி
9.1.2002

ஸுப்ரியா,

அம்மா சொன்னாள், ஆனால் இத்தனை சொல்லவில்லை. "உன் கூட்டுக்காரியோட மோள் கப்பை தின்னுச்சு" என்றாள், அவ்வளவுதான். உன் கடிதம் வந்தபிறகு உட்கார்ந்து கேட்டேன்.

"அம்மா, அது அவ சொல்லித்தான் நடந்ததுன்னு உனக்குத் தெரியுமா?"

"அன்னைக்கே தெரியும். பொட்டலம் தந்த மாமியே, ‘கல்யாணப் பொண்ணு சொன்னா, நான் என்ன செய்ய’ன்னு சங்கடப்பட்டா."

"ஏன் என்கிட்டே சொல்லலை?"

"காலேஜ்ல உனக்கு இருந்தது ஒரே கூட்டுக்காரி. அதையும் நான் எடுக்கணுமா?"

எனக்கு இதுதான் தாங்கவில்லை ஸுப்ரியா. உன்னை எனக்காக விட்டுவைக்க அம்மா வாயை மூடிக்கொண்டாள். நான் அத்தை மேல் கோபம் என்று சொல்லிக்கொண்டு உன்னையும் சேர்த்து விட்டுவிட்டேன். அவள் காத்தது வீணாயிற்று. இதை நினைத்து இரண்டு நாள் பள்ளிக்கூடத்தில் பாடம் எடுக்க முடியவில்லை.

நீ செய்தது சின்னதில்லை. சின்னது என்று நான் சொல்லப்போவதும் இல்லை. ஆனால் கேட்காமலே சொன்னாய். சொல்லாமலே இருந்திருக்கலாம், அறை கிடைத்திருக்கும், கப்பையும் கிடைத்திருக்கும். அதற்கு உனக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று தோன்றுகிறது. விசித்திரமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன்.

இன்னொன்று. 24ஆம் தேதி நீங்கள் டாக்ஸி ஏறும்போது நான் எதிர்ப் பலசரக்குக் கடைக்குள் நின்றிருந்தேன். அரைக் கிலோ பச்சரிசி கேட்டுவிட்டு, அவர் நிறுக்கிற வரை பார்த்துக்கொண்டே இருந்தேன். உன் தலையில் நரை வந்திருக்கிறது. உன் பெண் உன்னைப் போல் இல்லை, நல்லவேளை.

அடுத்த தடவை வந்தால் லாட்ஜ் பேச வேண்டாம். எங்கள் வீட்டில் பின்வாசல் கிடையாது. ஒரே வாசல்தான்.

ஷீஜா

---

புனே
4.2.2002

என் ஷீஜா,

ஸ்கூல் விட்டு வந்த மீனு இன்றைக்குச் செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றாள். தப்புச் செய்த முகம்.

"அம்மா, பக்கத்து பெஞ்சு பொண்ணோட டப்பாவுலேர்ந்து சாப்பிட்டேன்."

"சரி."

"கேக்க மறந்துட்டேன், எத்தனை தடவைன்னு."

என்ன சாப்பிட்டாய், யார் சமைத்தது, அவர்கள் வீட்டில் எந்தத் தண்ணீர் என்று எனக்கு வரிசையாக நாக்கு நுனிவரை வந்தது. எல்லாவற்றையும் விழுங்கிவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டேன். நன்றாக இருந்ததா என்று.

அவளுக்கு அந்தக் கேள்வி புதுசு. செருப்பைக் கழற்றிப் போட்டாள். பிறகு, "நாளைக்கு எனக்கும் ரெண்டு டப்பா கட்டித் தரயா? ஒண்ணு அவளுக்கு" என்றாள்.

மே மாதம் டிக்கெட் எடுத்தாயிற்று. லாட்ஜ் பேசவில்லை.

ஸுப்ரியா